ஒரே வாளிக்கு இரண்டு பெயர்

அன்று காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: நான். என் மேலதிகாரி மிஸ் லோ, கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் இருந்து வந்தவர். அவரோடு சொத்துக் கணக்குச் சரிபார்க்க வந்த என்சிக் ஹாஷிம். பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், நாகப்பன். உள்ளே ஏர்கோன் குளிர் தாங்காது என்று சொல்லி வாசலிலேயே நின்றுவிட்ட டிரைவர் சாமி. ஆக ஐந்து பேர். ஆறாவதாக ஒரு பெயர் பிரிண்டரில் இருந்து வந்த தாளில் இருந்தது. அந்தப் பெயரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்படி ஆள் எண்ணி எழுதுவது என் பழக்கம். போன மாதம் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு சாப்பாடு வைத்தார்கள். இப்போது அந்த வேலையைப் பார்க்கும் பிள்ளைகள் என் மேசைக்கு வந்து, "அங்கிள், அப்பல்லாம் சர்வர் லாக்க எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும், வந்தது அவர்கள்தானா என்று பிறகு பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார்கள். அவர்களுக்கு ஏதாவது கெட்டுப்போனால் கைப்பேசியே கூவிச் சொல்லிவிடுமாம். சட்டைப் பையில் அப்படி ஒன்று எனக்கு இருந்திருந்தால் முப்பது வயதிலேயே போய்ச் சேர்ந்திருப்பேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. எழுபதுகளில் ரந்தாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பால் ஸ்டோரில் சேர்ந்தேன். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவர்கள், வாளியில் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுத்துப் பெயருக்கு நேரே எடை எழுதுவது வேலை. ரப்பர் குறைந்து எண்ணெய்க்கான செம்பனை வந்ததும், எண்பதுகளில் வட்டார அலுவலகத்தில் ஃபைல் அடுக்கவும் போன் எடுக்கவும் போட்டார்கள். தொண்ணூறுகளில் அங்கே சர்வர் வந்தது. படித்த பையன்கள் இருவர் இருந்தார்கள். மேனேஜர் துரை அந்த இருவரையும் விட்டுவிட்டு என்னைக் கை காட்டினார். "மணியம்தான் கவலைப்படுவான். மெஷினுக்கு அதுதான் வேணும்," என்றாராம். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அன்றைக்கு முழுவதும் கவலைப்பட்டேன்.

சர்வரின் வேலையை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். பதினொரு தோட்டத்து அலுவலகங்களில் பதினான்கு கம்ப்யூட்டர்கள். தினமும் காலை ஏழரைக்குக் கிராணிகள் அவற்றைத் திறந்து, டெலிபோன் வழியாக எங்கள் சர்வரைக் கூப்பிட வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தால் சர்வர் உள்ளே விடும். வந்த மெஷினின் பெயர், வந்த நேரம், அதன் ஹார்ட் டிஸ்கின் எண், அதில் மிச்சம் இருக்கும் இடம், இவற்றை ஒரு வரியில் எழுதிக்கொள்ளும்; அந்தக் குறிப்புக்குத்தான் லாக் என்று பெயர். தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர் என்னும் கங்காணி ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவாரே, பெரட்டு, அதேதான். மெஷின்களுக்குப் பெரட்டு.

மிஸ் லோவுக்கு என் மூத்த மகளைவிட இரண்டு வயது குறைவு. நாங்கள் பேசிக்கொண்டது மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். தாளை விரித்து, அதைக் கடைசி வரிக்குக் கீழே வைத்து, அங்கிருந்து மேல்நோக்கிப் படிப்பார். "கடைசி வரியை முதல்ல பாருங்க, அங்கிள். மெஷின் கடைசியா என்ன சொல்லிச்சு, எப்பச் சொல்லிச்சு, அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிரும் லா." தப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்த மாட்டார். தப்பைக் கண்டால், "இன்டரஸ்டிங்," என்பார். இன்றைக்கும் தொலைக்காட்சியில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எழுந்துபோய்ச் சேனலை மாற்றிவிடுவேன்.

எனக்கு மூன்று எழுதுகோல்கள். சிவப்பு மையில் குறித்தால் மிஸ் லோவுக்கு உடனே ஃபேக்ஸ் போகும். நீலத்தில் குறித்தால் நானே அந்தத் தோட்டத்துக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் சேராமல் மனத்தை அரிப்பதைப் பென்சிலில் குறித்துக்கொள்வேன். பென்சிலை மிஸ் லோ கொடுக்கவில்லை, அது நானே கொண்டுவந்தது. கடைசியில் "செமுவா ஹாடிர்", எல்லாரும் வந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் செருக வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத மெஷினைத்தான் வரவில்லை என்று சிவப்பில் போடுவது. மழைக்கு டெலிபோன் கம்பி அறுந்துபோகிற ஊர் அல்லவா, ஒருநாள் இருநாளுக்கெல்லாம் பதறக் கூடாது என்று மிஸ் லோ சொல்லியிருந்தார்.

முதல் வாரம் பதறித் தீர்த்தேன். லாக்கில் புரியாத வரி ஒவ்வொன்றுக்காக, ஒரே காலையில் நான்கு முறை கோலாலம்பூருக்குப் போன். நான்காவது முறை மிஸ் லோ, "அங்கிள், இது தகவல் மட்டும்தான். மெஷின் நல்லா இருக்கேன்னு சொல்லுது," என்றார். நன்றாக இருப்பவன் எதற்கு அதைப் போய்ச் சொல்கிறான் என்று எனக்குச் சந்தேகம். பென்சிலில் குறித்தேன்.

இரண்டாம் மாதம் ஐந்து நாள் தொடர்ந்து லாக்கில் ஒரு சிக்கலும் இல்லை. அப்படி ஓர் அமைதி. வீட்டில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன். ஆறாம் நாள் மிஸ் லோ வந்து கடைசி வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். "இன்டரஸ்டிங்." கடைசி வரியின் தேதி ஐந்து நாள் பழையது. சர்வரில் இடம் தீர்ந்து, எழுதுவதையே அது நிறுத்திவிட்டிருக்கிறது. அதே பழைய தாளைத்தான் நான் தினமும் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏன் இடம் தீர்ந்தது? பழைய லாக்குகளை டேப்பில் ஏற்றிவிட்டு அழிக்கச் சொல்லியிருந்தார். டேப்பில் ஏற்றினேன். அழிக்கத்தான் கை வரவில்லை. பால் ஸ்டோரில் பன்னிரண்டு வருட எடைப் புத்தகத்தையும் கரையான் அண்டாமல் காத்தவனிடம் போய் அழி என்றால்?

"அங்கிள், எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாதுன்னு நான் சொல்றேன். நீங்க கவலைப்படுங்க, போதும்," என்றார் மிஸ் லோ. வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டோம்.

பெடாஸ் விவகாரம் அதற்கு அடுத்த வருடம். அந்தத் தோட்டத்துக்கு ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதை இங்கே எழுதி யாருக்கும் தொல்லை வேண்டாம். அங்கே இரண்டு மெஷின்கள். சர்வரில் அவற்றின் பெயர் பெடாஸ் ஒன்று, பெடாஸ் இரண்டு.

ஒரு சனிக்கிழமை, மாதக் கணக்குக்காகப் பழைய தாள்களை வரிசையாக விரித்துவைத்திருந்தேன். பெடாஸ் ஒன்று திங்கள் வந்திருக்கிறது. செவ்வாய் பெடாஸ் இரண்டு. புதன் மறுபடி ஒன்று. இரண்டும் ஒரே நாளில் வந்ததே இல்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராமல் இருந்ததும் இல்லை. ஒரே டெலிபோன் லைன், மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் போலும் என்று விட்டிருப்பேன். ஆனால் மிச்ச இடம் என்ற கட்டத்தில் கண் நின்றது. திங்களன்று பெடாஸ் ஒன்று எந்த எண்ணில் விட்டதோ, அங்கிருந்து கொஞ்சம் குறைத்துச் செவ்வாயில் பெடாஸ் இரண்டு தொடங்குகிறது. அது விட்ட இடத்தில் புதனன்று இது. ஒருவன் குடித்து வைத்த தேநீரை மற்றவன் எடுத்துக் குடித்துக்கொண்டே போவது மாதிரி.

பால் ஸ்டோரில் இதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் பால் ஒரே ராத்தல், ஒரே அவுன்ஸ் நிற்காது. நின்றால், ஒரே வாளி பின்பக்கமாகப் போய் இன்னொரு பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். வராத ஆளுக்குப் பெயர் போடுகிற கள்ளப் பேர் வேலை. டிஸ்க் எண்ணைப் பார்த்தேன். பெடாஸ் ஒன்றுக்கும் இரண்டுக்கும் எட்டு எழுத்தும் ஒன்றே. ஆறு வாரமாக அப்படி. ஆறு வாரத் தாளிலும் எல்லாரும் வந்தார்கள் என்று என் கையெழுத்து.

ஓரத்தில் பென்சிலில், "ஒரே வாளியா?" என்று எழுதித் தேதி போட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மறுபடி மூடினேன். எனக்கிருந்த வீடு நிர்வாகத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். புதன்கிழமை சொத்துச் சரிபார்க்க என்சிக் ஹாஷிம் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெடாஸுக்குப் போனேன். நாகப்பன் வீட்டுப் பின்னால் கோழிக் கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"வா மணியம். என்னா, மொகம் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு?"

"அண்ணே, பெடாஸ் ஒண்ணும் ரெண்டும் ஆபீஸ்ல இருக்கா?"

"பெரட்டுல வருதுல்ல? அப்புறம் என்னா கேள்வி?"

"ரெண்டும் சேந்து ஒரு நாளும் வரலியே."

"லைன் ஒண்ணுதானே லா. மாத்தி மாத்திப் போடுறோம்."

"வயித்துல எடம் ஒரே மாதிரி கொறையுதேண்ணே."

"யாரு வயித்துல?"

"மெஷின் வயித்துல."

நாகப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். "நீ பால் ஸ்டோர்ல இருந்தவன். அத மறந்துட்டேன் பாரு."

நடந்தது இதுதான். இடி இடித்தால் டெலிபோன் கம்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஒரு மதியம் இவர் கழற்றவில்லை. மின்னல் கம்பி வழியாக வந்து பெடாஸ் இரண்டை எரித்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கிராணி என்று தலைமை அலுவலகம் அப்போது கணக்கு வைத்திருந்தது. மெஷின் ஒன்று குறைந்தால் சின்னக் கிராணி லெட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் கணவன் செம்பனைக் குலை லாரியில் இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தான். அதனால் நாகப்பன் ஒருவருக்கும் சொல்லாமல் மெஷினைச் சிரம்பானில் ரேடியோ பழுது பார்க்கும் ஆ செங்கிடம் கொடுத்துவிட்டு, இருந்த ஒன்றுக்கே ஒருநாள்விட்டு ஒருநாள் பெயரை மாற்றிப் பெரட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

நாகப்பன் மனைவி தேநீர் கொண்டுவந்தார். "இருவது வருசமா மண்டோருங்களப் பாத்து, கள்ளப் பேரு போட்டா கைய ஒடிப்பேன்னு கத்துனாரு, தம்பி. இப்ப இவரே போட்டுட்டாரு. அதுவும் மெஷினுக்கு."

"நீ சும்மா இரு லா."

"அண்ணே, ஆறு வாரத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"ஒன்ன யாரு போடச் சொன்னா?"

"என் வேலையே அதானேண்ணே!"

பழுது பார்த்து முடிந்துவிட்டதாம். கூலி முந்நூற்று எண்பது வெள்ளி. நூற்று ஐம்பது கட்டியாயிற்று. மிச்சம் இருநூற்று முப்பதைக் கொடுக்காமல் ஆ செங் மெஷினைத் தரமாட்டான். என்னிடம் மூக்குக் கண்ணாடி மாற்றச் சேர்த்த பணம் இருந்தது. திங்களன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மோட்டாரைக் கிளப்பிய பிறகுதான் தோன்றியது: இதுவரை நான் ஏமாந்தவன், இந்த நிமிடத்தில் இருந்து கூட்டாளி. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

செவ்வாய் மாலை நாகப்பன் போன் செய்தார். "மெஷின் வந்துருச்சி. நாளைக்கு ஒங்க ஆபீஸ்க்குச் சாமி வண்டியில என்னக் கூட்டிக்கிட்டு வராங்க. லெட்சுமிகிட்ட சொல்லிட்டேன், காலைல ரெண்டையும் தொறந்து பெரட்டுக்கு அனுப்பிருவா. நீ நிம்மதியாத் தூங்கு." என்னைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

புதன் காலை ஒன்பதாகச் சில நிமிடம் இருக்கும்போது அறிக்கையை அச்சடித்தேன். பெடாஸ் ஒன்று வந்திருந்தது. பெடாஸ் இரண்டைக் காணோம். தாளின் கடைசி வரியில், ஏழு நாற்பத்தொன்றுக்கு, பெடாஸ் லைனில் கடவுச்சொல் சரியாகச் சொல்லி, லக்கி வீடியோ என்று ஒருவர் வந்திருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். லக்கி வீடியோதான். அதற்குள் வண்டிச் சத்தம். மிஸ் லோ, ஹாஷிம், நாகப்பன் மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள். மிஸ் லோ தாளை விரித்தார். ஸ்கேலை எடுத்தார். அவர்தான் கடைசி வரியை முதலில் பார்க்கிறவர் ஆயிற்றே.

"இன்டரஸ்டிங்," என்றார்.

ஹாஷிம் எட்டிப் பார்த்தார். "லக்கி வீடியோவா? தோட்டத்துல வீடியோ கடை எப்பத் தொறந்தீங்க?"

நாகப்பன் தொண்டையைக் கனைத்தார். "அது வந்து, தொழிலாளிங்களுக்கு உரம் போடுறது எப்படின்னு படம் காட்டுறதுக்கு..." என்று தொடங்கி, என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். என் வீடு, லெட்சுமி வேலை, ஓய்வு பெற நாகப்பனுக்கு மிச்சமிருந்த மூன்று வருடம், எல்லாம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. ஆனால் பொய் சொன்னால் அதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். யாரிடம், எப்போது, என்ன சொன்னோம் என்று தனியாக ஒரு நோட்டுப் போட வேண்டும். இருக்கிற நோட்டுக்கே எனக்கு நேரம் போதவில்லை.

"மிஸ்," என்றேன், "ஒரே வாளி." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தலில் தொடங்கி, மின்னல், இடுப்பு ஒடிந்தவன், மூக்குக் கண்ணாடி வரைக்கும். நடுவில் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. நாகப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கே, காட்டுங்க," என்றார் மிஸ் லோ. சனிக்கிழமைத் தாளைக் கொடுத்தேன். ஓரத்துப் பென்சிலைப் பார்த்து, "இது என்ன எழுத்து?" என்றார். தமிழ் என்றேன். பொருள் சொன்னேன். தேதியைப் பார்த்தார். ஆறு வாரத் தாள்களையும் கேட்டார். இரண்டு பெடாஸ்களின் டிஸ்க் எண்களுக்குக் கீழே ஸ்கேலை வைத்து, ஒவ்வொன்றாக, கடைசித் தாள் வரை நகர்த்திக்கொண்டே போனார்.

"போன மாசக் கணக்கோட வந்த தாளுங்களை கோலாலம்பூர்ல நானும் ஃபேக்ஸ்ல பாத்தேன். எனக்குத் தெரியல," என்றார். பிறகு, "நாலு நாள் லேட், அங்கிள்."

ஹாஷிம் கேட்டார்: "பெட்டி இப்ப பெடாஸ்ல இருக்கா? முதுகுல நம்ம சொத்து ஸ்டிக்கர் இருக்கா?" இருக்கிறது என்றார் நாகப்பன். "அப்ப என் புத்தகத்துக்குப் போதும். உள்ளே டிஸ்க்ல யாரு குடியிருக்காங்கன்னு கேக்க என்கிட்ட கட்டம் இல்ல."

மதியம் எல்லாரும் பெடாஸுக்குப் போனோம். எரிந்துபோன டிஸ்குக்குப் பதிலாக, ஆ செங் தன் கடையில் கிடந்த பழைய டிஸ்கைப் போட்டிருக்கிறான். மூடிப்போன ஒரு வீடியோ வாடகைக் கடையின் டிஸ்க் அது. அழிக்க அவனுக்கும் கை வரவில்லை போலிருக்கிறது. மிஸ் லோ அதைத் திறந்தார். கேசட்டைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் திரையில் வந்தது. ஐந்தாவது பெயர், வாகன எண்ணோடு, எங்கள் டிரைவர் சாமி. மூன்று கேசட். லெட்சுமிதான் முதலில் சிரித்தாள். சாமி அங்கேயும் உள்ளே வரவில்லை; அங்கே ஏர்கோனும் இல்லை.

தலைமை அலுவலகத்துக்கு மிஸ் லோ எழுதிய அறிக்கையில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நாகப்பனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். மெஷின் கணக்கில் இரண்டு இருந்ததால் லெட்சுமி தப்பித்தாள். எனக்கும் தண்டனை உண்டு. ஆறு வாரத் தாள்களில் ஒன்றையும் கிழிக்கக் கூடாது; ஒவ்வொன்றிலும் பழைய வரியைப் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சிவப்பில் உண்மையை எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் ஆயிற்று. அன்று முதல், ஒரே டிஸ்க் எண் இரண்டு பெயரில் வந்தால் காட்ட அறிக்கையில் தனிக் கட்டம் வந்தது.

"இன்னொண்ணு அங்கிள். நாளையில இருந்து பென்சில்ல எழுதுறதையும் ஃபேக்ஸ் பண்ணுங்க. மலாய்ல."

மறுநாள் பண்ணினேன். பதினொரு பக்கம் போயிற்று. பதினோராவது பக்கம் போய்ச் சேர்ந்ததும் போன் மணி அடித்தது. "அங்கிள், ஒரு நாளைக்கு மூணு கவலை. அதுக்கு மேல வேண்டாம் லா."

அந்தக் கணக்கில்தான் ஓய்வு பெறும் நாள் வரை வேலை பார்த்தேன். எந்த மூன்று என்று தேர்ந்தெடுப்பதுதான் பெரிய பாடு.

நான் கட்டிய அந்த இருநூற்று முப்பதில், நாகப்பன் மாதம் இருபது வெள்ளியாக ஒன்பது மாதம் தந்தார். பிறகு ஒரு முறை மோட்டாரில் ஒரு சாக்கு டுரியான் பழம் கொண்டுவந்து இறக்கி, "இதுக்கு நீயே ஒரு வெல போட்டுக் கழிச்சுக்க," என்றார். பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு போட்டேன். குறைத்துப் போட்டேனோ என்று இன்றுவரை உறுத்தல். அதற்கப்புறம் அவரும் ஓய்வு பெற்று மகனோடு கெமாஸுக்குப் போய்விட்டார். கல்யாண வீடுகளில் பார்ப்பேன். கேட்டால் அண்ணன் மனம் நோகுமோ என்று கவலை. கேட்காவிட்டால், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அவரும் மறந்துவிடுவாரோ என்று கவலை. நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எப்போது எடுத்தாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். அது பென்சிலில் எழுதியது: நாகப்பண்ணன், பாக்கி முப்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு.